பூசணி முற்றும் மாதம்

*ஒக்டோபர் 29, 2024. செவ்வாய்க்கிழமை.*
*இன்று வகுப்பில் ஒரு சிறு பிழை தெரியவந்தது. டாரட் சீட்டுகளின் மாதக் கணக்கை நான் புத்தகத்தில் இருந்தபடியே வாசித்து வந்திருக்கிறேன். அது பூமியின் வடக்குப் பாதியில் அச்சடித்த புத்தகம். நாங்கள் இருப்பது தெற்குப் பாதி, இங்கே ஆறு மாதம் தள்ளி வாசிக்க வேண்டுமாம். ஆகவே ஓகஸ்டில் அண்ணிக்கு நான் சொன்ன மாதம் பிழை.*

எழுதியதைத் திரும்ப வாசித்துவிட்டு வினுஷா 'சிறு' என்ற சொல்லை வெட்டினாள். வெட்டியதும் வாக்கியம் பெரிதாகக் கத்துவதுபோல் இருந்தது. வெட்டிய சொல்லுக்கு மேலே மறுபடியும் 'சிறு' என்று எழுதினாள். அதிலும் அவளுக்குத் திருப்தி இல்லை. சுவருக்கு அப்பால் அண்ணி குளியலறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. ராகவி அண்ணி எந்தக் கதவையும் மெல்லச் சாத்துவதில்லை, அதுவும் வினுஷாவின் அறைப் பக்கத்துக் கதவென்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த அறை உண்மையில் வினுஷாவுடையதல்ல. அண்ணன் அருந்தவனும் ராகவியும் டார்னெய்ட் என்ற புறநகரில் இந்த வீட்டைக் கட்டுவித்தபோது குழந்தைக்கென்று ஒதுக்கிய அறை அது. சுவருக்கு இளமஞ்சள் பூசி, ஜன்னலுக்கு முகில் படம் போட்ட திரையும் போட்டிருந்தார்கள். குழந்தை வரவில்லை. படிக்க வந்த தங்கைதான் பெட்டியோடு வந்து இறங்கினாள். படிப்பு முடிந்து வெரிபியில் ஒரு மருந்துக்கடையில் வேலையும் கிடைத்தாயிற்று, ஆனால் தனியே போக அண்ணன் விடவில்லை. "கலியாணம் முடியிற வரைக்கும் இஞ்சயே நில்லு" என்று சொல்லிவிட்டான்.  அண்ணி அடுத்த நாள் சொன்னாள், தேநீர் கலக்கிக்கொண்டு, திரும்பிப் பாராமல்: "பிள்ளைக்கெண்டு வைச்ச இடத்தில நீ காலை நீட்டிப் படுத்துக் கிடந்தா, அது எங்கயிருந்து வாறது?"

ராகவி படிக்காதவள் அல்ல. கிளேட்டனில் பட்டம் எடுத்து, ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க மற்றவர்களின் இரத்தக் குப்பிகளுக்கு எண் ஒட்டி, இயந்திரம் சொல்லும் இலக்கங்களைச் சரிபார்ப்பது அவள் தொழில். கருத்தரிப்புச் சிகிச்சைக்காகத் தன் வயிற்றில் தானே ஊசி போடும் காலம் வந்ததும், பின்னேரத்தில் வீட்டில் வேறு ஆள் நடமாடக்கூடாது என்று சொன்னாள். அதனால்தான் வினுஷா மாலை வகுப்பு தேடிப் போனாள். சமூக நிலையத்தில் மட்பாண்ட வகுப்பு நிரம்பியிருந்தது. தையலுக்குச் சொந்த இயந்திரம் கொண்டுவரச் சொன்னார்கள். டாரட் என்ற படச் சீட்டுகளை வாசித்துக் குறி சொல்லும் வகுப்பில் மட்டும் இடம் இருந்தது. கடையிலும் அப்படித்தான். நல்ல கட்டுகள் எல்லாம் விற்றுப்போய், பருவம் தப்பிய ஹலோவீன் கட்டு ஒன்று மட்டும் கழிவுப் பெட்டியில் கிடந்தது.

அந்தக் கட்டில் வழக்கமான கோல்களுக்குப் பதிலாகத் துடைப்பங்கள், கிண்ணங்களுக்குப் பதிலாகச் சூனியக்காரியின் கலயங்கள், நாணயங்களுக்குப் பதிலாகப் பூசணிக்காய்கள். சீட்டுகள் எல்லாவற்றின் பின்புலத்திலும் ஒரே செம்மஞ்சள் மாலை, உதிரும் இலைகள், அறுத்து முடிந்த வயல். பேரரசி என்ற சீட்டில் ஒரு பெண் பூசணிக் குவியலின்மேல் சாய்ந்திருந்தாள். அவள் வயிறும் பூசணிகளும் ஒரே வளைவில் வரையப்பட்டிருந்தன. எது வயிறு, எது காய் என்று முதல் பார்வையில் தெரியாது. வினுஷா ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிக் குறிப்பு எழுதிப் படித்தாள். அவளுக்கு இதில் நம்பிக்கை இருந்ததா என்றால், இருக்கவில்லை. ஆனால் பாடம் என்று வந்தபின் அரைகுறையாகப் படிக்க அவளுக்கு வராது.

ஓகஸ்டில் ஒரு ஞாயிறு. குசினி மேசையில் சீட்டுகளைப் பரப்பி வைத்திருந்தாள். அண்ணன் கடைக்குப் போயிருந்தான். ராகவி வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன, சாத்திரக்காரி கடை விரிச்சாச்சோ? கிளி எங்க?"

வினுஷா சீட்டுகளை ஒதுக்கப் போனாள்.

"ஏன் எடுக்கிறாய்? எனக்கும் ஒண்டு பார். காசு கேக்காத."

"இது சும்மா பழகிறதுக்கு, அண்ணி."

"நானும் சும்மாதான் கேக்கிறன்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சீட்டை உருவும்போது விரல் ஒன்றைத் தொட்டு, விட்டு, வேறொன்றைத் தொட்டு, மறுபடி முதலாவதற்கே வந்தது. புரட்டினாள். பேரரசி.

இருவரும் அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை பெய்தது. ராகவியின் குரல் இறங்கிவிட்டது. "எப்பவாம்?" என்றாள்.

வினுஷா புத்தகத்தின் பின்பக்க அட்டவணையை எடுத்து, விரல் வைத்துத் தேடி, இரண்டு தரம் சரிபார்த்துவிட்டுத்தான் சொன்னாள். "பூசணி முத்திற மாதமாம். ஒக்டோபர்."

"விசர்க் கதை" என்று ராகவி எழுந்து போனாள். மறுநாள் காலையில் அவள் தொலைபேசியில் கிளினிக்கோடு பேசுவது வினுஷாவின் காதில் விழுந்தது. ஓகஸ்டில் கரு வைக்க இருந்ததை ஒக்டோபருக்கு மாற்ற முடியுமா, வேலையிடத்தில் லீவு இல்லை என்றாள். உண்மையில் லீவு இருந்தது. அண்ணனுக்கும் அதே பொய்தான் சொல்லப்பட்டது. பேசி முடித்துத் திரும்பியபோது நடைபாதையில் வினுஷா நிற்பதைக் கண்ட ராகவியின் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு கறுத்தது. பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள் ஒரு சீட்டுக்காக நாள் மாற்றினாள் என்பதை உலகத்தில் ஒருத்திதான் அறிவாள், அவளோடு ஒரே கூரைக்குக்கீழ் இருக்க வேண்டும். அன்றிலிருந்து அண்ணியின் வெறுப்புக்கு ஒரு புதுக் கூர் வந்தது. வினுஷாவின் கோப்பை தனியே கழுவப்பட்டது. அவள் உடுப்பைத் துவைக்கும் இயந்திரத்தில் போட்டால், பாதியில் நிறுத்தப்பட்டு ஈரத்தோடு வாளியில் கிடந்தது.

செவ்வாய் வகுப்புக்குப் போகும் வழியில் ஒரு யூக்கலிப்டஸ் மரம் இருந்தது. அதில் கூடு கட்டியிருந்த மக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை, செப்டெம்பரில் இருந்து வினுஷாவைக் கண்டால் மட்டும் பாய்ந்துவரும். பின்னால் இருந்து சத்தமில்லாமல் வந்து, காதோரம் அலகைச் சொடுக்கிவிட்டு மேலே ஏறும். இந்தப் பறவை முகத்தை நினைவில் வைத்திருக்கும் என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். அதை வீட்டில் சொன்னபோது ராகவி, "பறவைக்கே உன்ர மூஞ்சை பிடிக்கேல்லை, பாவம்" என்றாள். அண்ணன் சிரித்தான். சிரித்தபின் தங்கையைப் பார்த்துவிட்டு, சிரித்ததை இருமலாக்கினான்.

பிழையைக் குறிப்பில் எழுதிய அந்தச் செவ்வாய், ஹலோவீன் வாரம் என்பதால் ஆசிரியை மோரீன் வினுஷாவின் கட்டைக் கேட்டு வாங்கி எல்லோருக்கும் காட்டினாள். இந்தக் கட்டு ஓர் ஆண்டின் சாவைப் பற்றியது என்றாள். வயல் வெறுமையாகும், இலை உதிரும், இருட்டு நீளும், அப்போதுதான் செத்தவர்களுக்குக் கதவு திறக்கும். பிறகு ஜன்னலைக் காட்டினாள். வெளியே ரோஜாச் செடிகள் பூத்துத் தள்ளியிருந்தன, மாலை ஆறரை மணிக்கு வெயில் கண்ணைக் குத்தியது. "எனக்கோ மகரந்தத்தால் தும்மல் நிற்கவில்லை, எங்கே சாவு?" என்று கேட்டுவிட்டு உண்மையாகவே தும்மினாள். வகுப்பே சிரித்தது. இந்தச் சீட்டுகளில் மாதம் பார்ப்பதானால் ஆறு மாதம் தள்ளுங்கள், இங்கே பூசணி முற்றுவது ஏப்ரலில் அல்லவா என்றாள். வினுஷா சிரிக்கவில்லை. பேனாவை மூடிக் கீழே வைத்தாள். திரும்பும்போது மக்பை வந்து மண்டையில் கொத்தியது. குடையை விரிக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

புதன் முழுக்க யோசித்தாள். அண்ணிக்குக் கரு வைத்தாயிற்று. வியாழக்கிழமை இரத்தப் பரிசோதனை. நல்ல செய்தி வந்தால் இந்தப் பிழை பிழையே இல்லை, ஒருவரிடமும் சொல்லத் தேவையும் இல்லை. கெட்ட செய்தி வந்தால்? கிளினிக்கில் இன்னும் ஒரே ஒரு கரு உறைநிலையில் இருந்தது. இது சரிவராவிட்டால் அதை விட்டுவிடுவேன், இனி என் உடம்பால் ஏலாது என்று அண்ணி அண்ணனிடம் சொன்னதை வினுஷா கேட்டிருக்கிறாள். அப்போது போய், 'அண்ணி, நான் மாதத்தைப் பிழையாகச் சொல்லிவிட்டேன், அது ஏப்ரல்' என்றால் அதற்கு என்ன பெயர்? பிழையை ஒப்புக்கொள்வதும் இன்னொரு குறி சொல்வதும் ஒரே வாக்கியமாக இருந்தது. அதை எந்தப் பக்கமிருந்து பிரிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லாமல் விட்டாலோ, இருந்த ஒரே ஒக்டோபரும் பொய்த்துவிட்டது என்று அண்ணி அந்தக் கடைசி ஒன்றையும் கைவிட்டுவிடுவாள்.

வியாழக்கிழமை தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாளில் வந்து விழுந்தன. வினுஷா வேலையால் வந்தபோது அண்ணன் வாசலில் குந்தியிருந்து விளக்குகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணத்து வீட்டில் தீபாவளிக்கு விளக்கு வைக்கும் வழக்கம் கிடையாது, விளக்கீடு கார்த்திகையில்தான். ஆனால் இந்தத் தெருவில் இருபுறமும் பஞ்சாபி வீடுகளும் குஜராத்தி வீடுகளும் மின்விளக்குச் சரம் தொங்கவிட்டிருக்க, இவர்கள் வீடு மட்டும் இருண்டு கிடப்பது அவனுக்கு ஒரு மாதிரி. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. தொலைபேசியை மட்டும் தங்கையிடம் நீட்டினான். ராகவி அனுப்பிய செய்தியில் ஒரே சொல் இருந்தது. 'இல்லை.'

"விளக்கு வைக்காம விடுவமோ எண்டு கேட்டனான்" என்று முணுமுணுத்தான். "'ஏன், செத்த வீடே? வை' எண்டுறாள்."

உள்ளே ராகவி வடை சுட்டுக்கொண்டிருந்தாள். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. வினுஷா உதவிக்குப் போய் உழுந்துப் பாத்திரத்தைத் தொட்டதும், "கையை எடு" என்றாள்.  எண்ணெய்க்குள் வடை விழும் ஒவ்வொரு தரமும் வினுஷாவின் தோள் தானாகத் துள்ளியது.

ஏழு மணிக்கும் நல்ல வெயில். விளக்கு எரிவதே தெரியவில்லை. அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. அண்ணன் திறந்தான். எலும்புக்கூடு ஒன்று, வௌவால் ஒன்று, வெள்ளைத் துணி போர்த்த பேய் ஒன்று. பகல் வெளிச்சத்தில், வியர்த்து வழிய, வாளிகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள். விளக்கு வைத்த வீடு என்றால் தட்டலாம் என்பதுதான் இந்தத் தெருப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஹலோவீன் சட்டம்.

"ட்ரிக் ஓர் ட்ரீட்!"

"இஞ்சேர், ராகவி, சொக்லேட் ஏதும் கிடக்கே?" என்று அண்ணன் உள்ளே பார்த்துக் கேட்டான்.

"இல்லை."

"அப்ப அந்த லட்டில மூண்டை எடுத்து..."

"சாமிக்குப் படைக்கேல்லை இன்னும். உங்களுக்கு ஒண்டும் தெரியாதே?"

அடுப்பு அணையும் சத்தம் கேட்டது. ராகவி குசினியிலிருந்து வந்தாள், ஆனால் வாசலுக்குப் போகவில்லை. நேரே வினுஷாவின் அறைக்குள் நுழைந்தாள். திரும்பி வந்தபோது கையில் ஹலோவீன் கட்டு இருந்தது.

"தள்ளுங்கோ அப்பா" என்று கணவனை விலக்கிவிட்டு வாசலில் நின்றாள். கட்டின் மேல் சீட்டை எடுத்து எலும்புக்கூட்டின் வாளியில் போட்டாள். "ஹேப்பி ஹலோவீன்." அடுத்தது வௌவாலுக்கு. அடுத்தது பேய்க்கு. பிள்ளைகள் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். எலும்புக்கூட்டுப் பையனுக்கு, எலும்புக்கூடு வரைந்த மரணம் என்ற சீட்டு கிடைத்திருந்தது. "ஓ, சோ கூல்! இட்ஸ் மீ!" என்று அவன் துள்ளினான். அவர்கள் ஓடிப்போய்த் தெருவில் சொல்லியிருக்க வேண்டும். இந்த வீட்டில் படச் சீட்டு தருகிறார்கள் என்று கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள்.

ராகவி எல்லோருக்கும் கொடுத்தாள், ஒன்றொன்றாக, முகத்தைப் பார்த்து, பரிசோதனைக் கூடத்தில் குப்பிகளுக்கு எண் ஒட்டும் அதே நிதானத்தோடு. துடைப்பங்கள் போயின. கலயங்கள் போயின. இரண்டு சூனியக்காரிகளும் ஒரு மம்மியும் பூசணிகளை வாங்கிக்கொண்டு போனார்கள். வினுஷா நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சீட்டுக்கும் தான் எழுதிய குறிப்பு அவள் மனதில் ஓடியது. ஓடுவதை நிறுத்த முடியவில்லை.

"என்னப்பா செய்யிறாய், அது அவளின்ர சாமானெல்லோ?" என்றான் அண்ணன்.

"அவளுக்கு இனி எதுக்கு? எல்லாம் சொல்லி முடிச்சிட்டாள். கேட்டுப் பாருங்கோ உங்கட தங்கச்சியை."

அவன் வினுஷாவைப் பார்த்தான். வினுஷா நிலத்தைப் பார்த்தாள். அவன் வடை கருகுது என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு, அணைத்த அடுப்பைப் பார்க்கப் போனான்.

கடைசியாக வந்தது எதிரே பதினொன்றாம் இலக்க வீட்டுப் பிள்ளை. நான்கு வயது இருக்கும். தாய் பின்னால் கைபேசியோடு நின்றாள். பிள்ளைக்குப் பூசணிக்காய் வேடம். பஞ்சடைத்த செம்மஞ்சள் வயிறு கால்களை மறைத்து முன்னே தள்ளியிருக்க, விழாமல் நிற்பதே அதற்குப் பெரும்பாடு. ராகவி மேல் சீட்டை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. பேரரசி. பிள்ளை இரண்டு கையையும் நீட்டியது. ராகவி சீட்டைப் பார்த்தாள், அந்தப் பஞ்சு வயிற்றைப் பார்த்தாள். பிறகு குனிந்து, மிக மெதுவாக, பிள்ளையின் விரல்களுக்குள் அதை வைத்து மூடிவிட்டாள்.

கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள். மிச்சச் சீட்டுகள் கையிலிருந்து நழுவித் தரையில் பரந்தன.

"சந்தோசமே? உன்ர சாத்திரம் முழுக்கத் தெருவில போகுது."

"அண்ணி, நான் வேணுமெண்டு..."

"கதைக்காத. ஓகஸ்டில வைச்சிருக்கலாம். டொக்டர் சொன்ன நாளில வைச்சிருக்கலாம். உன்ர வாயைக் கேட்டு நான், நான்..." குரல் உடையப்போனது, அதை அவள் கோபத்தால் பிடித்து நிறுத்தினாள். "நாளைக்குக் காலமை கிளினிக்குக்கு அடிச்சு, மிச்சம் கிடக்கிறதையும் விடச் சொல்லப் போறன். முடிஞ்சுது. பிறகு அந்த அறை உனக்குத்தான். வடிவாக் காலை நீட்டிப் படு."

 இரண்டு நாளாக வினுஷா எடுத்து எடுத்து நிறுத்துப் பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது. நிறுக்க இனி நேரமில்லை.

"அது ஒக்டோபர் இல்லை, அண்ணி. நான் பிழையா வாசிச்சிட்டன். அந்தப் புத்தகம் அங்கத்தைய காலத்துக்கு எழுதினது. இஞ்ச பூசணி முத்திறது ஏப்ரலிலயாம்."

 குசினியில் அண்ணன் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

ராகவி சிரித்தாள். அதில் சிரிப்பு எதுவும் இல்லை. "பாத்தியே. மனுசர் விழுந்து கிடக்கேக்கயும் நீ மாதம் சொல்லுறாய். அடுத்த முறையும் வராட்டி என்ன சொல்லுவாய்? நிலாவில வேற மாதம் எண்டோ?"

"நான் நம்பச் சொல்லேல்லை. பிழை விட்டனான் எண்டதைத்தான் சொன்னனான்."

"உன்ர பிழையைக் கொண்டுபோய் உன்ர கொப்பியில எழுது. என்னட்டைக் கொண்டராத. போ, என்ர கண்ணுக்கு முன்னால நிக்காத."

வினுஷா குனிந்து சீட்டுகளைப் பொறுக்கினாள். ஒன்று அண்ணியின் காலடியில் கிடந்தது. ராகவி காலை நகர்த்தவில்லை. வினுஷா அதை விட்டுவிட்டு எழுந்தாள். அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, மீந்ததை அடுக்கினாள். கட்டு பாதிக்கும் கீழே மெலிந்திருந்தது. நான் சொன்னது சரியா? சொல்லாமல் விட்டிருந்தால் பொய்யாகியிருக்கும். சொன்னதும் உண்மை என்று எப்படி அடித்துச் சொல்வது? முகில் படத் திரைக்கு வெளியே வெயில் ஒருவழியாக இறங்கிக்கொண்டிருந்தது. வாசல் விளக்குகள் இப்போதுதான் எரிவதாகத் தெரிந்தன.

கதவு தட்டப்படவில்லை, நேராகத் திறந்தது. ராகவி உள்ளே வரவில்லை. ஒரு கை கைப்பிடியில் இருந்தது. மற்றக் கை, அவளையறியாமல் இருக்க வேண்டும், வேலைச் சட்டையின் வயிற்றுப் பக்கத்தைச் சுருட்டிப் பிடித்திருந்தது.

"அந்தப் பிள்ளைக்குக் குடுத்த படம்" என்றாள். "போய்க் கேட்டு வாங்கு."

"இப்பவோ, அண்ணி?"

"இப்ப அதுகள் நித்திரையாயிருக்கும். நாளைக்கு." கொஞ்ச நேரம் சுவரின் இளமஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அரைகுறைக் கட்டை வைச்சுக்கொண்டு நீ என்னத்தைக் கிழிக்கப்போறாய்? அதுக்குத்தான் சொல்லுறன். வேற ஒண்டுக்குமில்லை."

"கிளினிக்குக்கு..."

"நான் உன்னட்டை அதைக் கேக்கேல்லை."

கதவு படாரென்று சாத்தப்பட்டது. முகில் திரை ஒருமுறை உப்பி, மெல்ல அடங்கியது.

*ஒக்டோபர் 31. வியாழக்கிழமை.*
*பிழையைச் சொல்லிவிட்டேன். சொன்ன விதம் சரியில்லை என்று நினைக்கிறேன்.*
*நாளை: வேலைக்குப் போகுமுன் பதினொன்றாம் இலக்க வீட்டுக் கதவைத் தட்டி, பேரரசியைத் திருப்பிக் கேட்க வேண்டும். பிள்ளைக்குப் பதிலாகக் கொடுக்க லட்டு இரண்டு எடுத்துப் போக வேண்டும். இரவு படைத்தாயிற்று.*